நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

அரியலூர்
17.6.2024

மதிப்பிற்குரிய மணிமாறன் சார்,

ஒருவர் செத்துப்போனதற்கு மேற்கோள் எங்கே கிடைக்கும்? எனக்கு விடை தெரியவில்லை. நிலவியலில் முனைவர் பட்டம் வாங்கி இருபது வருஷம் கல்லூரியில் பாடம் நடத்திய பிறகும் தெரியவில்லை. அதனால் உங்களைக் கேட்கிறேன்.

இந்தக் காலத்தில் தபாலில் எழுதுகிறாளே என்று நினைக்க வேண்டாம். இணையக் களஞ்சியத்தில் என் கணக்கை முடக்கிவிட்டீர்கள். என் பேச்சுப் பக்கத்தில்கூட நான் ஒரு வரி எழுத முடியாது. மூன்று முறை கைபேசியில் அழைத்தேன், நீங்கள் எடுக்கவில்லை. களஞ்சியப் பயிலரங்குச் சான்றிதழ் வந்த உறையில் உங்கள் பெரம்பலூர் முகவரி இருந்தது.

அந்தப் பயிலரங்கில் நீங்கள் என்னிடம் சொன்னது நினைவிருக்கிறதா? “வாங்க மேடம், உங்கள மாதிரி ஆளுங்கதான் எங்களுக்கு வேணும்.” எளிதில் எதையும் நம்புகிறவள் அல்ல நான். இதை நம்பினேன். மூன்று வருஷத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு கட்டுரைகள் எழுதினேன். அரியலூர்ச் சுண்ணாம்புப் பாறையில் கிடைக்கிற ஒவ்வொரு சிப்பிக்கும், நத்தைக்கும், கடல் முள்ளெலிக்கும் தமிழில் ஒரு பக்கம் இருக்கிறதென்றால் அது என் விடுமுறை நாள்களில் எழுதப்பட்டது. ஆறு கோடி வருஷத்துக்கு முன்னால் செத்த நத்தையைப் பற்றி நான் எழுதியதில் ஒரு எழுத்தையும் யாரும் நீக்கவில்லை.

எங்கள் ஊரான விளாக்குறிச்சி பற்றிய கட்டுரையில் இரண்டே வரிகள் சேர்த்தேன். “1979இல் ஊர்க் கிணறு வெட்டும்போது, வெடிக்காமல் இருந்த மருந்து வெடித்து ராசாங்கம், செல்லப்பன் என்ற இரு தொழிலாளர்கள் இறந்தனர்.” ஒன்பது நிமிடத்தில் நீக்கினீர்கள். “உங்கள் பங்களிப்புக்கு நன்றி. மேற்கோள் இல்லாததால் நீக்கப்பட்டது.” திரும்பச் சேர்த்தேன், திரும்ப நன்றி வந்தது. நான்காவது முறை முடக்கிவிட்டீர்கள். பேச்சுப் பக்கத்தில் வாக்கெடுப்பு என்று ஒன்று நடந்தது. ஐந்து பேர் வாக்களித்தார்கள், ஐவரும் நிர்வாகிகள். அதற்குப் பெயர் ஒத்தகருத்து.

அதே கட்டுரையில், “இக்கிணறு பண்ணையார் அண்ணாதுரை அவர்கள் ஊருக்கு அளித்த கொடை” என்ற வரி ஆறு வருஷமாக இருக்கிறது. அதற்கு மேற்கோள், விளாக்குறிச்சி மாரியம்மன் கோயில் குடமுழுக்கு மலர். அந்த மலரை அச்சடித்துக் கொடுத்தவர் பண்ணையார் அண்ணாதுரை. அவர் உங்கள் அப்பா. சொந்தக் குடும்பத்தைப் பற்றிய கட்டுரையில் கை வைக்கக் கூடாது என்பது நீங்கள் பயிலரங்கில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் விதி.

ராசாங்கம் என் அப்பா. அப்போது எனக்கு மூன்று வயது. அவர் முகம் எனக்கு நினைவில்லை, வீட்டில் போட்டோவும் இல்லை. அந்த இரண்டு வரிகளைத் திரும்பச் சேருங்கள். வேறெதுவும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
இரா. மணிமொழி

* * *

பெரம்பலூர்
29.6.2024

அன்புள்ள மணிமொழி மேடம்,

கடிதம் கிடைத்தது. உங்கள் அப்பா பற்றிப் படித்து வருந்தினேன். அவர் உங்கள் அப்பா என்று எனக்கு முன்பே தெரியாது.

ஆனால் இதில் தனிப்பட்டது எதுவும் இல்லை. நாளைக்கு யாரோ ஒருவர் வந்து, என் தாத்தாதான் கங்கைகொண்ட சோழபுரத்துக்குக் கல் சுமந்தார் என்று எழுதுவார். அவரை எதைச் சொல்லி நிறுத்துவது? அச்சில் வந்த ஆதாரம் என்கிற ஒரு கோடுதான் எங்களிடம் இருக்கிறது. வாய்மொழியை ஏற்க ஆரம்பித்தால் களஞ்சியம் களஞ்சியமாக இருக்காது.

ஒரு நாளிதழ்த் துண்டு, ஒரு நூல், ஓர் அரசு ஆவணம், ஏதாவது ஒன்று கொண்டு வாருங்கள். நானே என் கையால் சேர்க்கிறேன். என் அப்பா பற்றிய வரியை எழுதியது நான் அல்ல, வேறொரு பயனர். அதில் மலரின் பக்க எண் சரியாக இருக்கிறது. அதனால் விட்டேன்.

பதினொரு வருஷமாகச் சம்பளம் இல்லாமல் இந்த வேலையைச் செய்கிறேன். கல்லூரியில் கணக்குப் பாடம், வீட்டுக்கு வந்தால் இது. தமிழ்நாடு முழுக்க இதை ஒழுங்காகப் பார்க்கிறவர்கள் ஏழு பேர் இருந்தால் அதிகம். தினமும் திட்டுத்தான் கிடைக்கிறது. உங்களிடமிருந்தும் அது வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அன்புடன்,
அ. மணிமாறன்

* * *

அரியலூர்
2.12.2024

மதிப்பிற்குரிய மணிமாறன் சார்,

ஐந்து மாதம் தேடினேன். விபத்து நடந்த வாரத்து நாளிதழ்களை நூலகத்தில் புரட்டினேன். இல்லை. காவல் நிலையத்தில் நாற்பத்தைந்து வருஷத்துக்கு முந்தைய ஏடு இல்லை. இறப்புப் பதிவில் “விபத்து” என்ற ஒரு சொல் இருக்கிறது, கிணறு இல்லை. அம்மாவிடம் ஏதாவது காகிதம் உண்டா என்று கேட்டேன். என் அம்மா ரெங்கம்மாளுக்கு எழுபத்து மூன்று வயது. “காயிதமா? செத்த வூட்டுக்கு யாருடி ரசீது குடுத்தா?” என்றார்.

நீங்கள் கேட்டது என்னிடம் இல்லை. ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொன்றைக் கேட்கத்தான் எழுதுகிறேன். ஆகஸ்டு மாதம் விளாக்குறிச்சி கட்டுரையில் ஒரு புதிய பத்தி சேர்ந்திருக்கிறது: “பண்ணையார் அண்ணாதுரை ஆட்களோடு ஆளாகத் தாமே கிணற்றில் இறங்கி, பாறையில் குழி போட்டு, தம் கையாலேயே வெடி வைத்தார். ஒருவருக்கும் சிறு காயமுமின்றிப் பணி நிறைவேறியது.” மேற்கோளாக ‘பழுவூர்ச் சீமைக் கொடையாளர்கள்’ என்ற நூல், 1983, பக்கம் 112 என்று கொடுக்கப்பட்டிருக்கிறது. நான்கு மாதமாகப் பத்தி அப்படியே இருக்கிறது.

அந்த நூலை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

இப்படிக்கு,
இரா. மணிமொழி

* * *

பெரம்பலூர்
20.12.2024

அன்புள்ள மணிமொழி மேடம்,

நீங்கள் நிதானமாகக் கேட்டதற்கு நன்றி. அந்த நூலைப் பார்த்திருக்கிறேன். பார்த்திருக்கிறேன் என்ன, எங்கள் வீட்டு அலமாரியிலேயே இருந்தது. பச்சை அட்டை. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது புரட்டியிருக்கிறேன். எனவே அந்த மேற்கோளை நானே சரிபார்த்தேன் என்று தயங்காமல் சொல்லலாம்.

உங்கள் அப்பா விஷயத்தை நான் மறுக்கவில்லை. வேறு கிணறாகவோ வேறு வருஷமாகவோ இருந்திருக்கலாம். அம்மாவுக்கு வயதாகிறது அல்லவா?

இதையும் சொல்லிவிடுகிறேன், மற்றவர்கள் வழியாகத் தெரிந்து நீங்கள் வருந்த வேண்டாம். பிப்ரவரி இரண்டாம் தேதி அப்பாவுக்கு எண்பத்திரண்டு வயது நிறைகிறது. அன்று கிணற்றடியில் ஒரு கருங்கல் பலகை வைக்கிறோம். கட்டுரையில் உள்ள அந்தப் பத்தியையே வெட்டச் சொல்லிவிட்டேன். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை, அன்று திரை விலகும்போது பார்க்கட்டும் என்று என் மனைவி மேகலாவின் யோசனை. இவ்வளவு செய்துவிட்டு ஒரு நாளும் வாய் திறந்து சொல்லாத மனிதர் அவர். நானே இதைக் களஞ்சியத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

நீங்களும் அம்மாவும் வந்தால் மகிழ்வோம்.

அன்புடன்,
அ. மணிமாறன்

* * *

அரியலூர்
6.1.2025

திரு. மணிமாறன்,

‘பழுவூர்ச் சீமைக் கொடையாளர்கள்’ என்று ஒரு நூல் இல்லை. 1983இலும் இல்லை, அதற்கு முன்னும் பின்னும் இல்லை. அதற்குப் பச்சை அட்டை இல்லை. அது உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கவில்லை.

அந்தப் பத்தியை எழுதியது நான்.

ஆகஸ்டு பதினொன்றாம் தேதி ஜெயங்கொண்டத்தில் ஒரு கணினி மையத்தில் உட்கார்ந்து புதுக் கணக்கு தொடங்கினேன். நூலின் பெயரை பஸ்ஸில் யோசித்தேன். ஆசிரியர் பெயர் அந்த பஸ்ஸின் நடத்துநர் பெயர், முன்னால் ‘புலவர்’ சேர்த்தேன். அச்சகத்தின் பெயரை மையத்துச் சுவரில் தொங்கிய அரிசி ஆலை நாள்காட்டியிலிருந்து எடுத்தேன். பக்கம் 112 என்று போட்டதற்குக் காரணம் எதுவும் இல்லை. பக்க எண் இருந்தால் நீங்கள் விட்டுவிடுவீர்கள் என்று ஜூன் மாதக் கடிதத்தில் நீங்களே எழுதியிருந்தீர்கள்.

என் அப்பா செத்த வரியை ஒன்பது நிமிடத்தில் கண்டுபிடித்தவர், இதை ஐந்து மாதமாகக் கண்டுபிடிக்கவில்லை. உங்கள் அப்பாவுக்கு எது பிடிக்கும் என்று யோசித்து யோசித்து எழுதினேன். கூலி ஆளோடு கூலி ஆளாக இறங்கிய பண்ணையார். அதைவிடப் பெரிய புகழ் என்ன இருக்கிறது? உங்களுக்கும் பிடித்துப்போனது. பிடித்துப்போனதற்கு யாரும் மேற்கோள் கேட்பதில்லை. உங்கள் விதிப்புத்தகத்தில் இல்லாத விதி அது ஒன்றுதான், எல்லாரும் மீறாமல் கடைப்பிடிக்கிற விதியும் அதுதான்.

நீங்கள் பத்தியை விட்டுவைத்தால் போதும் என்றுதான் இருந்தேன். அதற்கு மேலும் போனீர்கள். புரட்டினேன் என்றீர்கள், சரிபார்த்தேன் என்றீர்கள், என் அம்மாவுக்கு வயதாகிவிட்டது என்றீர்கள். அந்தக் கடைசி வாக்கியத்துக்காகவே இரண்டாம் தேதி வருகிறேன். உங்கள் கையெழுத்துள்ள கடிதத்தைக் கிணற்றடியில் மைக்கில் வாசிப்பேன். உங்கள் அப்பா இருக்கும்போது வாசிப்பேன்.

இரா. மணிமொழி

* * *

பெரம்பலூர்
22.1.2025

மணிமொழி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை மேகலாவிடம் காட்டவில்லை. நான்கு நாள் கல்லூரிக்குப் போகவில்லை. விளாக்குறிச்சி வீட்டுக்குப் போய் அலமாரி, பரண் எல்லாம் இறக்கிப் பார்த்தேன். அப்பா சாய்வு நாற்காலியில் இருந்தபடி, “என்னடா தேடுற?” என்றார். “ஒரு புஸ்தகம்ப்பா.” “இந்த வூட்டுல ஏதுடா புஸ்தகம்?” என்று சிரித்தார்.

நான் பொய் சொல்லவில்லை. இதை நீங்கள் நம்பப்போவதில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். அந்தப் பச்சை அட்டை இப்போதும் என் கண்ணில் தெரிகிறது.

இனி உங்களைப் பற்றி. “ஒருவருக்கும் சிறு காயமுமின்றி” என்று எழுதியது யார்? நான் அல்ல. ஆதாரம் இல்லை என்று உங்கள் அப்பாவின் பெயரை எடுத்தேன், அவ்வளவுதான். அவர் சாகவே இல்லை என்று எழுதியவர் நீங்கள். அவர் பெற்ற மகள். என்னைப் பழி வாங்குவதற்காக அவரை இரண்டாம் முறை கிணற்றில் தள்ளியது உங்கள் கை. கணினி மையத்தில் அதைத் தட்டச்சு செய்தபோது கை நடுங்கவில்லையா?

கல் வந்து இறங்கிவிட்டது. அழைப்பிதழ் ஐந்நூறு பேருக்குப் போய்விட்டது. திரும்ப எடுக்க மாட்டேன்.

என் கடிதம் உங்களிடம் இருக்கிறது என்றால் உங்கள் கடிதமும் என்னிடம் இருக்கிறது, பெயரும் தேதியும் போட்டு. இல்லாத நூலை மேற்கோள் காட்டியவர் எழுதிய எதையும் களஞ்சியம் நம்பாது. முந்நூற்றுப் பன்னிரண்டையும் ஒரே நாளில் நீக்க எனக்கு ஒத்தகருத்துகூட வேண்டாம். ஒரு படி எடுத்து உங்கள் கல்லூரி முதல்வருக்கும் அனுப்புவேன். ஆராய்ச்சி மாணவர்களுக்கு மேற்கோள் எழுதச் சொல்லிக்கொடுக்கிறவர் நீங்கள்தானே?

மைக் தயாராக இருக்கும். வந்து வாசியுங்கள்.

அ. மணிமாறன்

* * *

அரியலூர்
1.2.2025, சனி

திரு. மணிமாறன்,

நடுங்கவில்லை. நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். மகிழ்ச்சியாகக்கூட இருந்தது. அந்த வரியைத் தட்டிவிட்டு வெளியே வந்து டீ குடித்தேன். உங்கள் கடிதம் வந்த பிறகுதான் கை நடுங்க ஆரம்பித்திருக்கிறது. வகுப்பில் சாக்பீஸ் பிடிக்க முடியவில்லை. நீங்கள் சொன்னது சரி. அதற்காக உங்கள் மேல் எனக்கு வெறுப்பு கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை.

முந்நூற்றுப் பன்னிரண்டையும் நீக்குங்கள். முதல்வருக்கு நீங்கள் அனுப்ப வேண்டாம், நேற்று நானே ஒரு படி கொடுத்துவிட்டேன். படித்துவிட்டு அவர், “ஏம்மா, உங்களுக்கு எதுக்கும்மா இந்த வேல?” என்றார். விளக்கக் கடிதம் கேட்டிருக்கிறார். இனி மிரட்டுவதற்கு உங்களிடம் எதுவும் இல்லை.

நாளை இரண்டு கடிதங்களையும் வாசிப்பேன், உங்களுடையதையும் என்னுடையதையும். கல்லை நீங்கள் எடுக்காவிட்டால், அதில் இருப்பது பொய் என்று வெட்டச் சொன்னவர் முன்னிலையில் எழுதியவளே சொன்னாள் என்றாவது ஊருக்குத் தெரியட்டும்.

அம்மாவிடம் கல் திறக்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன். கல்லில் என்ன இருக்கிறது என்று சொல்லத் துணிவில்லை. “நாப்பத்தஞ்சு வருசமா அந்தக் கெணத்துப் பக்கம் நான் போவல. அவனுவ கல்லு வெச்சா எனக்கென்ன?” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “எத்தன மணிக்கு?” என்று கேட்டார்.

இந்தக் கடிதத்தை இன்று தபாலில் சேர்க்கவில்லை. நாளை நடப்பதையும் எழுதிச் சேர்க்கிறேன். நீங்களும் அங்கே இருப்பீர்கள்தான். இருந்தாலும் நடந்தது எழுத்தில் இருக்கட்டும்.

2.2.2025, ஞாயிறு

கீழப்பழுவூரில் இறங்கி ஆட்டோவில் பத்தேகாலுக்கு வந்து சேர்ந்தோம். பந்தலில் முந்நூறு பேர் இருந்திருப்பார்கள். எங்கள் தெரு ஆள்கள் வழக்கம்போலப் பின்னால் நின்றார்கள். அம்மா நிற்கவில்லை. முன் வரிசையில் காலியாக இருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார். உங்கள் மனைவி திரும்பிப் பார்த்தார்.

உங்கள் அப்பாவைக் காரிலிருந்து தாங்கி இறக்கி, கல்லுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தீர்கள். திரையை அவர் கையாலேயே இழுக்க வைத்தீர்கள். ஒருவர் மைக்கில் கல்லை வாசித்தார். “ஆட்களோடு ஆளாகத் தாமே கிணற்றில் இறங்கி...” கை தட்டினார்கள். நான் எழுந்தேன். பையிலிருந்து கடிதங்களை எடுப்பதற்குள் அம்மா பேசிவிட்டார். சத்தமாகக்கூட இல்லை, பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பதுபோல.

“இவரு எறங்குனாரா? எறங்குனா எப்புடி ஏறி வந்தாரு?”

கைதட்டல் நின்றது. பின்னால் யாரோ ஒரு பெண் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

“என்னடா சொல்றா?” என்று உங்கள் அப்பா கேட்டார். நீங்கள் குனிந்து, “ஒண்ணுமில்லப்பா” என்றீர்கள். அவர் விடவில்லை. “கல்லுல என்னடா போட்டிருக்கு? திரும்பப் படி.” வாசித்தவர் உங்களைப் பார்த்தார், பிறகு திரும்ப வாசித்தார். உங்கள் அப்பாவின் முகம் சிவந்ததை நான் பார்த்தேன். அது கூச்சம் என்று ஒரு கணம் நினைத்தேன்.

“நானா? நான் எதுக்குடா கெணத்துல எறங்குறேன்? எறங்க ஆளு இல்லாமயா போச்சு?”

“அப்பா, அப்பறம் பேசிக்கலாம்ப்பா.”

“கையை எடுடா. குழி போட்டேனாம், மருந்து வெச்சேனாம். நான் என்ன கூலிக்காரனா? எம் பாட்டன் காலத்துலேர்ந்து எங்க வூட்டுல ஒருத்தன் மம்பட்டி புடிச்சதில்ல. மேல, அந்தா, அந்த வேப்பமரத்துக் கட்டுல உக்காந்திருந்தேன். ஒரு குழி வெடிக்கல. எறங்கிப் பாருங்கடான்னேன். கொஞ்சம் பொறுத்துப் பாப்பங்கய்யான்னானுவ ரெண்டு பேரும். பொழுது போவுதுடா, போங்கடான்னு வெரட்டுனேன். எறங்குனானுவ.”

மைக் அவர் முகத்துக்கு ஓர் அடி தூரத்தில் இருந்தது. கடைசிச் சொல் பந்தலின் நான்கு பக்கமும் கேட்டது.

நாமிருவரும் படித்தவர்கள். கூலி ஆளோடு இறங்கியதாகச் சொன்னால் அது புகழ் என்று நான் நினைத்தேன், நீங்களும் நினைத்தீர்கள். அவருக்கு அது அவமானம் என்று நம் இருவருக்கும் தோன்றவில்லை. அவர் வருந்தி ஒப்புக்கொண்டார் என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாது. வருந்தவில்லை. கோபப்பட்டார்.

“எந்தப் பய எழுதுனது இத?” என்றார்.

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். ஏழு மாதத்தில் முதல் முறையாக நேருக்கு நேர்.

“நான்தான் எழுதினேன்” என்றேன்.

“நீ யாரு?”

“ராசாங்கம் மவ.”

மேலும் கீழும் பார்த்தார். என் கண்ணாடியை, கையில் இருந்த காகிதங்களை. பிறகு சொன்னார்: “படிச்ச புள்ளயாட்டம் இருக்க. யாரையாவது விசாரிச்சு எழுதக் கூடாதா?”

மைக்கை எடுத்து, முதலில் என் கடிதத்தையும் பிறகு உங்களுடையதையும் வாசித்தேன். பச்சை அட்டை வந்த இடத்தில் யாரும் சிரிக்கவில்லை. நீங்கள் தடுக்கவும் இல்லை, போகவும் இல்லை. அம்மா அதைக் கேட்டாரா என்று தெரியாது. அதற்குள் எழுந்து கிணற்றின் விளிம்புக்குப் போய் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். செல்லப்பன் வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

நீங்கள் ஒரு நாளிதழ்த் துண்டு கேட்டிருந்தீர்கள் அல்லவா? விழாச் செய்தி எடுக்க வந்திருந்த நாளிதழ் நிருபர் பந்தலுக்கு வெளியே என்னைப் பிடித்தார். இரண்டு கடிதங்களையும் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டார். “ரெண்டு பேர எறங்கச் சொன்னேன்னு அய்யாவே சொன்னாரே, செத்துப்போன அவங்க பேரு என்ன மேடம்?” என்று கேட்டார். சொன்னேன். சத்தத்தில் சரியாக விழவில்லை என்றார். திரும்பச் சொன்னேன். எழுதிக்கொண்டு, “பொய் எழுதுனது நீங்கதான்னு உங்க பேரையும் போட வேண்டியிருக்கும், பரவால்லையா?” என்றார்.

“போடுங்க” என்றேன்.

இரா. மணிமொழி